சத்திரம், மேன்ஷன், விடுதி: திருவல்லிக்கேணி நினைவுகளும் சில வரலாற்றுக் குறிப்புகளும்

தமிழகத்து ஊர்ப்பெயர்களை ஆராய்ந்தோர் பாக்கம், பட்டு, மங்கலம், சேரி, புரம் முதலான ஈறுகளைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். 'சத்திரம்' என்னும் ஈறு அவ்வளவு கவனம் பெற்றதாகத் தெரியவில்லை. ஒட்டன்சத்திரம், பாலுச்செட்டிசத்திரம், முத்தம்மாள்சத்திரம் என்று தமிழ்நாட்டு வரைபடமெங்கும் சத்திரங்கள் சிதறிக் கிடக்கின்றன. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் வரும் சுங்குவார்சத்திரமும் அவற்றுள் ஒன்று. அடியேன் பிறந்து வளர்ந்த ஊர் அது. இன்று ஆசிரியப் பணி செய்வதும் அதன் அருகிலேதான்.

'சத்ர' என்னும் வடசொல் முதலில் நெடுநாள் நடக்கும் வேள்வியையும், பிறகு அவ்வேள்வியையொட்டிய அன்னதானத்தையும், இறுதியில் அன்னம் வழங்கும் கட்டடத்தையும் குறிக்கலாயிற்று. நடந்து செல்வோர்க்கும் மாட்டு வண்டியில் செல்வோர்க்கும் பொழுது சாயுமிடத்தில் ஒரு கூரையும், ஒரு கிணறும், ஒரு வேளைச் சோறும் தேவை. அத்தேவை எழுந்த இடங்களில் செல்வரும் அரசரும் சத்திரம் கட்டினர்; சத்திரத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது. கட்டடம் அழிந்த பின்னும் பெயர் மட்டும் ஊருக்கு நின்றுவிட்டது. சுங்குவார் என்பது பழைய சென்னைப்பட்டணத்து வணிகக் குடும்பம் ஒன்றின் பெயர் என்பர்.

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய மடல் ஒன்று, சத்திரம் என்றால் என்ன என்பதைத் தெளிவாகக் காட்டுவது. வருவோர்க்கு உணவு மட்டுமன்று. நோயுற்றோர்க்கு மருந்து, பெற்றோரற்ற குழந்தைகளுக்குக் கல்வி, கருவுற்ற பெண்களுக்குப் பேறுகாலப் பராமரிப்பு ஆகியவையும் சத்திரத்தின் கடமைகள் என்கிறது அம்மடல். ஒரத்தநாட்டில் முத்தம்மாள் பெயரில் எழுந்த சத்திரம் அதற்கு அடுத்த ஆண்டினது. சென்னையில் ஹைதர் அலியின் படையெடுப்பையொட்டி வந்த பஞ்சத்தில், 1782இல் கஞ்சித் தொட்டியாகத் தொடங்கிய மணியக்காரர் சத்திரமே பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வித்தாயிற்று.

ஆக, ஊர் விட்டு ஊர் வந்தவன் ஓரிரவோ ஓராண்டோ தங்குவதற்கு ஒரு சமுதாயம் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது என்பதை அச்சமுதாயத்தின் அளவுகோல்களில் ஒன்றாகக் கொள்ளலாம். இக்கட்டுரையில் என் பதினேழாம் வயதில் திருவல்லிக்கேணியில் கழிந்த ஓராண்டை அந்த அளவுகோலைக் கொண்டு பார்க்க முயல்கிறேன்.

மேன்ஷன் வாழ்க்கை

1996 ஜூன் மாதம் பி.ஏ. தமிழ் இலக்கியத்தில் சேர்ந்தேன். விடுதியில் இடம் கிடைப்பதற்கு ஓராண்டு ஆகும் என்றனர். நாள்தோறும் சுங்குவார்சத்திரத்திலிருந்து வந்து போவது இயலாது. பெரியப்பா மகன் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கி, அண்ணா சாலைக் கடை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அவர் அறையில் மூன்றாவது கட்டில் காலியாயிற்று. அப்பா ஒரு டிரங்குப் பெட்டியையும் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் வாங்கிக் கொடுத்தார். வாளியின் மீது வண்ணத்தில் அறை எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது அங்கு போன பிறகே தெரிந்தது.

மேன்ஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மாளிகை என்று பொருள். திருவல்லிக்கேணியில் அதற்கு நேர் எதிரான பொருள். கீழே கடைகள், மேலே மூன்று அல்லது நான்கு மாடிகள், நடுவில் வெளிச்சம் விழும் ஒரு முற்றம், அதைச் சுற்றி வரிசையாக அறைகள். அறையில் இரண்டு அல்லது மூன்று கட்டில்கள், சுவரில் ஓர் அலமாரி, ஒரு மின்விசிறி. குளியலறையும் கழிப்பறையும் மாடிக்குப் பொது. நாலரை மணிக்கே வாளிகள் வரிசையில் நிற்கும். ஆட்கள் கட்டிலுக்குத் திரும்பித் தூங்குவர். வாளிகளின் வரிசையை யாரும் குலைப்பதில்லை. அங்கு எழுதப்படாத சட்டங்களுள் அது முதன்மையானது.

வாசலில் மேலாளர் அமர்ந்திருப்பார். அவர் முன் ஒரு தடித்த பேரேடு. பெயர், வயது, தொழில், நிலையான முகவரி, வந்த நாள் என்று கட்டங்கள். தொலைபேசி அவர் மேசையில் மட்டும். "இருபத்தேழு, போன்!" என்று அவர் கூவினால் மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் படிக்கட்டுகளில் பாய்ந்து வருவார். பெரும்பாலும் யாரோ ஊரில் இறந்திருப்பர், அல்லது யாருக்கோ வேலை கிடைத்திருக்கும்.

எங்கள் மாடியில் இருந்தவர்களை இப்போது நினைத்தால் ஒரு சிறு தமிழ்நாடே கண்முன் வருகிறது. வளைகுடா விசாவுக்குக் காத்திருந்த கடையநல்லூர்க்காரர்கள் இருவர். மருந்து நிறுவனப் பிரதிநிதி ஒருவர். அரசுப் பணித் தேர்வுக்கு ஐந்தாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்த தருமபுரி அண்ணன். கதை விவாதத்துக்கு என்று தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு கோடம்பாக்கம் போய்வந்த மதுரைக்காரர். யார் என்ன சாதி என்று நான் இருந்த இடத்தில் எவரும் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு எதுவும் செய்ய முடியாத அளவுக்கு எல்லோரும் ஒரே குழாயடியில் நின்றோம் என்பதும் காரணமாக இருக்கலாம். ஊரில் நான் கண்டிராத சமத்துவம் அது. குடிதண்ணீர்த் தட்டுப்பாடு கற்றுத்தந்த சமத்துவம்!

புதியவனை முதலில் கேட்கும் கேள்வி "எந்த ஊர், தம்பி?" என்பது. நான் "ஸ்ரீபெரும்புதூர் பக்கம்" என்பேன். உடனே 1991 மே 21ஆம் நாளைப் பற்றிக் கேட்பர். ராஜீவ் காந்தி கொலையுண்ட அந்த இரவுக்குப் பிறகு, எங்கள் வட்டாரத்துக்கு வெளியுலகில் வேறு அடையாளம் இல்லாதிருந்தது. மேன்ஷன் முழுவதிலும் ஒரே ஒருவர்தாம், "உடையவர் பிறந்த ஊரா?" என்று கேட்டார்.

மெய்ப்புத் திருத்துநர்

அவர் அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்தும் பணி செய்த முதியவர். அறுபதைக் கடந்தவர், தனியறை, திருமணம் செய்துகொள்ளாதவர். 1961இல் "ஆறு மாதம் இருந்து பார்க்கலாம்" என்று வந்தவராம். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இராமானுசரின் பெற்றோர் பிள்ளை வரம் வேண்டித் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதிப் பெருமாளை வழிபட்டனர் என்பது குருபரம்பரைச் செய்தி. அதைச் சொல்லி, "உங்கள் ஊருக்கும் இந்தத் தெருவுக்கும் ஆயிரம் ஆண்டு உறவு, தம்பி, கூச்சப்படாமல் இருங்கள்" என்றார். என் வயதுக்கு அவர் 'நீ' என்று அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாரதி சாலை நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளுக்கு என்னை அழைத்துச் செல்வார். அச்சாலை அப்போதும் பலர் வாயில் பைகிராப்ட்ஸ் ரோடுதான். அட்டை கிழிந்த நூலை முகர்ந்து பார்த்தே எந்த அச்சகம் என்று சொல்லும் ஆற்றல் அவருக்கிருந்தது. என் வகுப்புக் கட்டுரைகளில் சந்திப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிடுவார். திருத்தம் எழுத மாட்டார். "பிழை எங்கே என்று சொல்வது என் தொழில். என்ன பிழை என்று கண்டுபிடிப்பது உங்கள் படிப்பு" என்பார். இன்றும் நான் விடைத்தாள் திருத்தும் முறை அதுவே.

1997 பிப்ரவரியில் அவர் உறக்கத்திலேயே காலமானார். மேலாளர் பேரேட்டைப் புரட்டினார். 'நிலையான முகவரி' என்ற கட்டத்தில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்று எழுதப்பட்டிருந்தது. அம்முகவரிக்கு அனுப்பிய தந்திக்கு மறுமொழி இல்லை. பின்னர் எழுதிய கடிதமும் திரும்பி வந்தது. மாடிக்காரர்கள் பணம் திரட்டிக் கிருஷ்ணாம்பேட்டையில் எரியூட்டினோம். கடையநல்லூர்க்காரர்கள் இருவரும் தோள் கொடுத்தனர். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்தவர் அப்பேரேட்டின்படி இறுதிவரை தற்காலிகக் குடியிருப்பாளரே. அவர் திருத்திய நூல்கள் எத்தனையோ. எந்த நூலிலும் மெய்ப்புத் திருத்தியவர் பெயர் போடும் வழக்கம் அக்காலத்தில் இருந்ததில்லை.

தெருக்களின் அடுக்குகள்

அவர் காட்டிய கண்ணால்தான் திருவல்லிக்கேணியின் தெருக்களைப் பார்க்கக் கற்றேன். பேயாழ்வாரும் திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம் இது. பார்த்தசாரதி கோயிலில் உள்ள பல்லவ மன்னன் தந்திவர்மனின் கல்வெட்டு, சென்னை நகரத்து மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று. கோயில் நிலம் அடகு வைக்கப்பட்டதால் இறைவனுக்குரிய திருவமுது குறைந்ததையும், ஒருவர் பொன்னும் நெல்லும் கொடுத்து அந்நிலத்தை மீட்டுத் தந்ததையும் அது சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இவ்வூரில் அடகும் மீட்பும் நடந்திருக்கின்றன. வட்டிக்கடைகள் நிறைந்த தெருவில் வாழ்ந்த எங்களுக்கு அச்செய்தி மிகவும் நெருக்கமாகப் பட்டது.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கோல்கொண்டா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயக் கும்பினி இவ்வூரைக் குத்தகைக்கு எடுத்தது. அதாவது, ஆங்கிலேயரும் இங்கு வாடகைக்கு வந்தவர்கள்தாம். அடுத்து ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா வந்தார். 1768இல் சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. 1795இல் எழுந்த பெரிய மசூதியில், கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகச் சொற்றொடர் ஒன்று கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும். அதனை இயற்றியவர் ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் பாரசீகப் புலவர். நவாபின் பெயர் திருவல்லிக்கேணியில் வாலாஜா சாலையாக நிற்கிறது. சுங்குவார்சத்திரத்துக் கூட்டுரோட்டில் பிரியும் சாலை வாலாஜாபாத்துக்குப் போகிறது. ஒரே மனிதரின் பெயர் நான் விட்டு வந்த ஊரிலும் வந்து சேர்ந்த ஊரிலும் வழிகாட்டிப் பலகையில் இருந்ததை அறிந்த நாளில், வரலாறு என்பது பாடநூலுக்கு வெளியே உள்ள பொருள் என்று விளங்கிற்று.

எல்லீஸ் சாலையை எல்லோரும் கடந்து போகிறோம். 1816இலேயே தென்னிந்திய மொழிகள் வடமொழியின் வேறான ஒரு குடும்பம் என்று சான்றோடு நிறுவியவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ்; கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னோடி. 1818இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது இருபத்தேழு கிணறுகள் தோண்டச் செய்தார். இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றுக் கல்வெட்டில், அதற்குக் காரணமாகத் திருக்குறள் ஒன்றையே எடுத்தாண்டிருக்கிறார். தண்ணீர் லாரியின் ஓசை கேட்டதும் குறுந்தொகையை மூடிவைத்துவிட்டு வாளியோடு ஓடிய நாள்களில், ஒரு வெள்ளைக்கார அதிகாரி குறளைப் படித்துக் கிணறு வெட்டினார் என்பது எனக்குப் பெருவியப்பாக இருந்தது. எங்கள் வட்டாரத்துச் செம்பரம்பாக்கம் ஏரியின் நீரையும் இந்நகரம் குடிக்கிறது என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

அவ்வாண்டிலேயே, 1996 செப்டம்பர் இறுதியில், மதராஸ் சென்னை ஆயிற்று. பெயர்ப்பலகை எழுதுவோர்க்குப் பல மாதங்கள் வேலை இருந்தது. நான் வந்திறங்கியது ஒரு நகரம்; பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது, பெயரளவில், வேறொரு நகரம். வெளியேறுவதற்குச் சில நாள்கள் முன்பு, 1997 மே 21ஆம் நாள், சேப்பாக்கத்தில் சயீத் அன்வர் 194 ஓட்டங்கள் எடுத்து அன்றைய உலகச் சாதனையைப் படைத்தார். சீட்டு வாங்க வழியில்லாத நாங்கள் மொட்டை மாடியில் துணிக்கம்பிகளுக்கிடையே நின்று, அரங்கிலிருந்து எழும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே, வானொலியில் ஆட்டத்தைத் தொடர்ந்தோம். ஊரில் என் பெற்றோர்க்கு அதே தேதி ஆறாண்டுக்கு முந்தைய இரவின் நினைவு நாள். ஒரே தேதியை இரண்டு ஊர்கள் இருவேறு வகையில் நினைவில் வைத்திருக்கும் விந்தையை அன்றுதான் உணர்ந்தேன்.

வாடகைக்கு இருந்தவர்கள்

திருவல்லிக்கேணியின் புகழை உண்டாக்கியவர்கள் பட்டியலைப் பார்த்தால், மண்ணின் மைந்தர்களைவிட வாடகைக்கு வந்தவர்களே மிகுதி. கும்பகோணத்திலிருந்து வந்த கணித மேதை இராமானுஜன் 1912இல் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தரானார். நண்பர்களின் அறைகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் மாறி மாறி இருந்து, இங்கிலாந்து செல்லுமுன் அனுமந்தராயன் கோயில் தெருவில் வாழ்ந்தார். எட்டயபுரத்துப் பாரதி தம் இறுதி நாள்களைக் கழித்ததும், 1921இல் மறைந்ததும் துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வாடகை வீட்டில். அது பின்னர் நினைவில்லமாயிற்று. 1903இல் கும்பகோணத்திலிருந்து மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்த உ.வே. சாமிநாதையர் பிள்ளையார் கோயில் தெருவில் குடியேறினார், 'தியாகராச விலாசம்' என்று தமக்குக் கும்பகோணம் கல்லூரிப் பணி கிடைக்கச் செய்த தியாகராச செட்டியாரின் பெயரை வைத்த அவ்வில்லம் இன்று இல்லை, இடித்துவிட்டனர். அரை நூற்றாண்டு கழித்து, 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது அதன் முகவரியும் பிள்ளையார் கோயில் தெரு, திருவல்லிக்கேணி என்றே இருந்தது. சங்க இலக்கியத்தை ஏட்டிலிருந்து மீட்டவர் முகவரியிலும், புதுக்கவிதைக்கு மேடையிட்டவர் முகவரியிலும் ஒரே தெருப்பெயர். செல்லப்பா புத்தக மூட்டையைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்கச் செல்வதைத் தம் கண்ணால் கண்டதாக மெய்ப்புத் திருத்துநர் சொல்வார்.

1878இல் 'தி இந்து' ஏட்டைத் தொடங்கியோரைத் 'திருவல்லிக்கேணி அறுவர்' என்பர்; அறுவரும் இளைஞர்கள். 1893இல் விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்ப வீடு வீடாகப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாளும் அவர் நண்பர்களும் இப்பகுதியினரே. 1904இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் நுகர்வோர் கூட்டுறவின் முன்னோடிகளுள் ஒன்று. குறைந்த வாடகை, நடக்கும் தொலைவில் கல்லூரிகளும் அச்சகங்களும், மாலையில் காசு கேட்காத கடற்கரை, மலிவான உணவு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்தமையே இவற்றுக்கெல்லாம் அடிப்படை என்பது என் துணிபு. 1948இல் தொடங்கிய ரத்னா கபேயின் சாம்பாரில் மூழ்கிய இட்லி பல எழுத்தாளர்களின் ஒரு வேளை உணவாக இருந்தது என்பதை இலக்கிய வரலாற்று நூல்கள் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

ஐஸ் ஹவுஸ் சிறுமியர்

இதுவரை சொன்னவற்றில் ஒரு பெருங்குறை இருப்பதை வாசகர் கவனித்திருப்பர். பெண்களே இல்லை. மேன்ஷன் வாசலில் 'பெண்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகை இருந்தது. ஒருமுறை தம்பியைப் பார்க்கத் தருமபுரியிலிருந்து வந்த அக்கா ஒருவர், படிக்கட்டின் கீழே செருப்பு விடும் இடத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். பதினேழு வயதில் அது எனக்கு இயல்பாகவே பட்டது. நகரத்துக்கு வந்து தனியே தங்கிப் படிப்பதும் பிழைப்பதும் ஆண்பிள்ளைகளுக்கு உரியது என்றே நாங்கள் அனைவரும் எண்ணியிருந்தோம்.

ஆனால் அதே திருவல்லிக்கேணிக் கடற்கரையில், எங்களுக்கு எண்பது ஆண்டுகள் முன்பே, ஒரு பெண்கள் விடுதி இருந்தது. பாஸ்டனிலிருந்து கப்பலில் வரும் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸை நாம் பெரும்பாலும் விவேகானந்தர் 1897இல் தங்கிய இடமாகவே அறிவோம். அதற்குப் பிந்தைய கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சகோதரி சுப்பலட்சுமி தாமே சிறுவயதில் கணவனை இழந்தவர். 1911இல் பட்டம் பெற்றவர். கணவனை இழந்த சிறுமியர் சிலரைச் சேர்த்து எழும்பூரில் ஓர் இல்லம் தொடங்கினார். அவ்வில்லம் 1910களின் பிற்பகுதியில் ஐஸ் ஹவுஸுக்கு இடம் மாறிற்று. பத்து, பன்னிரண்டு, பதினைந்து வயதுச் சிறுமியர். கட்டிய கணவனின் முகம்கூடச் சிலருக்கு நினைவில்லை. எதிரே வந்தால் சகுனத் தடை என்று ஊரார் ஒதுங்கிய அப்பிள்ளைகள், வங்கக் கடலைப் பார்த்தபடி எழுத்தும் கணக்கும் கற்று ஆசிரியைகளாக வெளிவந்தனர். 1922இல் அருகிலேயே லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி எழுந்தது; சுப்பலட்சுமியே அதன் தலைவர். அவ்வில்லம் அந்தணர் குலச் சிறுமியர்க்கு மட்டும் என்ற எல்லையோடு இயங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லை இருந்தது; ஆயினும் கதவு ஒன்று திறந்தது.

தமிழ் இலக்கியத்தில் நகரத்துப் பொதுவிடத்தில் தங்கிய இளம்பெண் என்றால் மணிமேகலையே நினைவுக்கு வருவாள். புகார் நகரத்து உலக அறவி என்னும் அம்பலம், ஆதரவற்றோரும் ஊனமுற்றோரும் தங்குமிடம். அமுதசுரபியோடு அங்கே புகுந்து அனைவர்க்கும் உணவளிக்கும் மணிமேகலை, உதயகுமரனின் தொல்லைக்கு அஞ்சிக் காயசண்டிகையின் உருவில் மறைந்து வாழ நேர்கிறது. பசித்தவர்க்கெல்லாம் இடம் தந்த மன்றத்தில் ஓர் இளம்பெண் தன் உருவத்தோடு இருக்க இயலவில்லை. சாத்தனார் காட்டிய இச்சிக்கல் மேன்ஷன் காலத்திலும் தீரவில்லை. அதைத் தீர்க்கும் முறை, பெண்களை வாசலிலேயே நிறுத்திவிடுவது என்று ஆகியிருந்தது.

இன்றைய சுங்குவார்சத்திரம்

நான் மேன்ஷனில் இருந்த அந்த 1996இல்தான் எங்கள் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினர். அதன்பின் நடந்தது யாவரும் அறிந்ததே. ஏரிப் பாசன நிலங்கள் சிப்காட் வளாகங்களாயின. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை காரும் கைபேசியும் கண்ணாடியும் செய்யும் ஆலைகள் எழுந்தன. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, அதனை நம்பி மாடி எடுத்துக் கட்டிய வீட்டுக்காரர்களின் அறைகள் காலியாயின. பின்னர் பாக்ஸ்கான் வந்தது. அறைகள் மீண்டும் நிறைந்தன.

இப்போது எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மாலை வேளையில் நின்றால் எனக்குத் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை நினைவுக்கு வருகிறது. அறை வாடகைக்கு என்று கம்பங்களில் ஒட்டிய தாள்கள், மெஸ்கள், பழைய வாளி வரிசைகள். ஒரு மாற்றம்: வந்து தங்கியிருப்போரில் பெரும்பகுதியினர் பெண்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரி, தென்மாவட்டங்கள், அதற்கப்பால் ஒடிசா, ஜார்க்கண்ட். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்த பதினெட்டு, பத்தொன்பது வயதினர். படிக்கட்டின் கீழ்க் காத்திருந்த அந்த அக்காளின் மகள் வயதுப் பெண்கள், தம் பெயரில் ஒரு கட்டிலும் தம் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் உடையவர்களாக நெடுஞ்சாலையைக் கடக்கின்றனர். இதனை எளிய மாற்றமாக நான் கருதவில்லை.

எனினும், விடுதி என்பது சத்திரமும் அன்று, மேன்ஷனும் அன்று. மேன்ஷனில் இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் மேலாளர் முனகிக்கொண்டே கதவைத் திறப்பார். விடுதியில் பேருந்து ஏற்றிச் செல்லும் நேரமும் இறக்கிவிடும் நேரமும் ஆலையின் ஷிப்டைப் பொறுத்தவை. உண்ணும் உணவும் தேர்ந்தெடுத்ததன்று. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் உணவு நஞ்சாகிப் பாக்ஸ்கான் தொழிலாளர் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியரைப் பற்றிய செய்தி கிடைக்காமல் வதந்தி பரவ, பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். அறைகளின் நெருக்கமும் வசதிக் குறைவும் அதன் பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தன. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12இல் மீண்டும் திறந்தது. சரபோஜியின் மடலைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வழிப்போக்கர்க்கு மருந்தும் தர வேண்டும் என்று 1801இல் எழுதிவைத்த ஒரு நாட்டில், வேலைக்கு வந்த பிள்ளைக்கு நல்ல சோறு வேண்டுமென்று சாலையில் உட்கார வேண்டியிருந்தது.

2024 ஆகஸ்டில் வல்லம்–வடகால் சிப்காட்டில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. எண்ணிக்கையைப் பார்த்தால் ஒரு சிறு நகராட்சி. காற்றோட்டமும் கட்டிலும் குளியலறையும் நிச்சயம் முன்னேற்றம். ஆனால் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் அறைகள் மட்டும் இருந்து, நடைபாதைப் புத்தகக் கடையும் கடற்கரையும் இல்லாதிருந்தால், அங்கே வந்தவர்கள் உறங்கி எழுந்து வேலைக்குப் போனவர்களாக மட்டுமே இருந்திருப்பர். எங்கள் வட்டாரத்தில் கட்டில்கள் வந்துவிட்டன. விடுமுறை நாளில் ஒரு பெண் போய் உட்கார ஒரு பூங்கா, எடுத்துப் படிக்க நடந்து செல்லும் தொலைவில் ஒரு நூலகம், ஷிப்டு முடிந்து வருபவள் சேர்ந்து படிக்க ஒரு மாலைக் கல்லூரி ஆகியவை கட்டில்களுக்கு ஈடாக வரவில்லை. ஆலைகளுக்கு நிலம் ஒதுக்கும்போதே இவற்றுக்கும் ஒதுக்குவது இயலாத காரியமன்று.

இன்னொன்றும் உண்டு. ஊர் வரலாறு எழுதுவோர் கோயில் கல்வெட்டையும் நிலப் பத்திரத்தையும் நிலைத்த குடிகளின் வாய்மொழியையும் தேடுகிறோம். நிலைத்து இராதவர்கள் இம்மூன்றிலும் இல்லை. எங்கள் முதலாண்டு மாணவியருள் சிலர் ஓராண்டு ஆலையில் வேலை செய்து, கட்டணத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டு வந்தவர்கள். தாம் தங்கிய அறையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தருமாறு சென்ற ஆண்டு அவர்களைக் கேட்டேன். உடன் இருந்த ஆறு பெண்களின் ஊரையும், யாருடைய கட்டில் எந்த மூலையில் என்பதையும், எவளுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதையும் ஒருத்தி வரிசையாக எழுதியிருந்தாள். சந்திப் பிழைகளை வட்டமிட்டேன். மற்றபடி அது ஓர் ஆவணம்; அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் நண்பர்களும் தத்தம் ஊரில் இவ்வாறு எழுதி வாங்கிச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மேன்ஷன்களின் பழைய பேரேடுகள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. விடுதிகளின் பதிவுகளோ கணினியில் சில ஆண்டுகளில் அழிந்துவிடும். சத்திரத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர், வந்து தங்கிச் சென்றவர்களின் பெயர்களையும் குறித்து வைப்பதே முறை.